பழைய கோப்பும் புதிய திறவுகோலும்

நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுற்றுலா சென்ற மாணவியர், கோயிலின் கற்சுவரில் வெட்டப்பட்டுள்ள எழுத்துகளைக் கண்டிருப்பர். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் அவ்வெழுத்துகளைக் கல்வெட்டுப் பயிற்சி பெற்றவர் இன்றும் படித்துப் பொருள் சொல்லிவிடுகிறார். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகக் கணிப்பொறியில் தட்டச்சிட்டுச் சேமித்த பெயர்ப் பட்டியல் ஒன்றைத் திறக்க முயன்றால், "இக்கோப்பைத் திறக்க இயலவில்லை" என்ற விடையே கிடைக்கிறது. இது விந்தை அன்றோ?

இந்த விந்தை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டு அரசன் ஆணைப்படி நாடெங்கும் நிலக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' என்னும் ஏட்டில் எழுதி வைத்தனர். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் பள்ளி மாணவர்கள் உள்ளிட்ட பல லட்சம் மக்களைக் கொண்டு தங்கள் ஊர்களைப் பற்றி எழுதச் செய்து, அவற்றை லேசர் தட்டுகளில் பதித்தது. 2002-ஆம் ஆண்டு வாக்கில் அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போய், பதினாறே ஆண்டுகளில் அப்பெரும் தொகுப்பு கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம் எழுந்தது. ஆராய்ச்சியாளர்கள் பெருமுயற்சி செய்து அதை மீட்டனர். 1086-இல் எழுதிய தோல் ஏடோ அப்போதும் படிக்கத்தக்க நிலையிலேயே இருந்தது.

நம் பக்கத்து அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் சங்கங்களிலும் உள்ள பழைய பிளாப்பித் தட்டுகளில் என்ன இருக்கும்? மாணவியர் சேர்க்கைப் பட்டியல், உதவித்தொகை பெற்றோர் விவரம், மகளிர் குழுக்களின் சேமிப்புக் கணக்கு, நூலகப் புத்தகப் பட்டியல் ஆகியவை இருக்கலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் திருமணமாகி வெளியூர் சென்ற ஒரு சகோதரி, பல ஆண்டுகள் கழித்துத் தன் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காகிதப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது, கணிப்பொறிக் கோப்பு இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை. அப்போது அச்சகோதரிக்கு நாம் என்ன விடை சொல்வோம்? மேல்நிலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் இக்கட்டுரையை எழுத முன்வந்ததற்குக் காரணம் இதுவே. இத்தகைய கோப்புகளைப் பணச் செலவின்றித் திறக்க முடியும். அதற்குரிய வழியை இங்கே எங்களால் இயன்ற அளவு விளக்குகிறோம்.

தரவுத்தளம் என்பது யாது?

நம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். குறுக்கே ஒரு வரி ஒரு மாணவிக்கு உரியது. நெடுக்கே ஒரு கட்டம் வரிசை எண்ணுக்கு, ஒன்று பெயருக்கு, ஒன்று தேதிக்கு என்று பிரிந்திருக்கும். இதையே கணிப்பொறியில் அமைத்தால் அது தரவுத்தளம், அதாவது டேட்டாபேஸ். வரியைப் 'பதிவு' என்றும், கட்டத்தைப் 'புலம்' என்றும் கூறுவர்.

இந்தியாவில் 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் இவ்வேலைக்குப் பரவலாகப் புழங்கியவை டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்னும் மென்பொருள்கள். இவற்றின் கோப்புப் பெயர் 'டி.பி.எஃப்.' என்னும் மூன்று எழுத்துகளில் முடியும். அக்கோப்பின் உள்ளமைப்பு மிக ஒழுங்கானது. முதல் 32 பைட்டுகள் முகப்பு. எந்த வகைக் கோப்பு, கடைசியாக எந்தத் தேதியில் திருத்தப்பட்டது, மொத்தம் எத்தனை பதிவுகள், ஒரு பதிவின் நீளம் எவ்வளவு என்பனவெல்லாம் அதில் அடங்கும். அடுத்து, ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட்டுகளில் ஒரு குறிப்பு: புலத்தின் பெயர், அதன் வகை, அதன் அகலம். வகையை ஓர் ஆங்கில எழுத்தால் குறிப்பர். எழுத்துக்கு 'சி', எண்ணுக்கு 'என்', தேதிக்கு 'டி', ஆம் இல்லை என்பதற்கு 'எல்', நீண்ட குறிப்புக்கு 'எம்'. அதன் பின்னர் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நீளத்தில், சீருடை அணிந்த மாணவியர் காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்பதுபோல் நிற்கும்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிந்துவிடுவதில்லை. பதிவின் தலைப்பில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும். 'பேக்' என்ற கட்டளை இட்டால்தான் அது முற்றிலும் நீங்கும். எனவே பழைய கோப்பு ஒன்றில் நீக்கிய பெயர்களும் மறைந்திருக்கக்கூடும்.

பூட்டு விழுந்த கதை

டிபேஸின் தொடக்கம் அமெரிக்காவில். விண்வெளி ஆய்வு செய்யும் ஜே.பி.எல். ஆய்வகத்தில் பணியாற்றிய வேய்ன் ராட்லிஃப் என்பவர் 1970-களின் இறுதியில் 'வல்கன்' என்ற பெயரில் இதனை எழுதினார். ஆஷ்டன்-டேட் என்ற நிறுவனம் அதை வாங்கி டிபேஸ் என்று பெயரிட்டு விற்றது. 1984-இல் வந்த டிபேஸ் 3 உலகமெங்கும் பரவிற்று. அதே கோப்புகளை இன்னும் விரைவாகக் கையாளும் போட்டி மென்பொருளை ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட, 1988-இல் ஆஷ்டன்-டேட் அதன்மீது வழக்குத் தொடுத்தது. 1991-இல் ஆஷ்டன்-டேட்டைப் போர்லண்ட் நிறுவனம் வாங்கிற்று, வழக்கும் கைவிடப்பட்டது. 1992-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிற்று. விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 என்பதே கடைசிப் பதிப்பு; இனிப் புதிய பதிப்பு வராது என்று 2007-இல் அறிவித்த மைக்ரோசாஃப்ட், 2015 சனவரியுடன் அதற்கான ஆதரவையும் முற்றிலும் நிறுத்திக்கொண்டது.

நிறுவனங்கள் கைமாறின, மென்பொருள்கள் மறைந்தன. ஆனால் அவற்றை நம்பி எழுதிய பட்டியல்கள் பெட்டிகளில் தங்கிவிட்டன. பெட்டி நம்முடையது, உள்ளே உள்ள பொருளும் நம்முடையது, சாவி மட்டும் பிறருடையது என்றால் எப்படி இருக்கும்? தனியுரிமை மென்பொருளில் சேமிக்கும்போது நம் நிலை ஏறக்குறைய அதுதான்.

இதற்கு மாற்றாக வந்தது திறந்த மூல மென்பொருள். அதன் நிரல் முழுவதும் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கும். எவரும் திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்கும் தரலாம். ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபீஸை 1999-இல் சன் நிறுவனம் வாங்கி, 2000-இல் அதன் நிரலைத் திறந்துவிட, ஓப்பன் ஆபீஸ் தோன்றியது. 2010 செப்டம்பர் 28-இல் தன்னார்வலர்கள் அதிலிருந்து பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். நம் அக்காமார்களுக்கு ஸ்டார் ஆபீஸ் என்ற பெயர் பழக்கமானது. அவர்கள் காலத்துத் தமிழ்நாட்டு மேல்நிலைக் கணிப்பொறி அறிவியல் பாடநூலில் அதுவே பாடம். 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணிப்பொறிப் பயன்பாடுகள் நூலில் ஓப்பன் ஆபீஸ் இடம்பெற்றது. ஆகவே லிப்ரே ஆபீஸ் நமக்கு அந்நியமன்று. அதே குடும்பத்தின் இளைய மகள் எனலாம்.

திறந்த மூலத்திலும் மறதி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் வந்த லிப்ரே ஆபீஸ் 4.0 பதிப்பில், ஸ்டார் ஆபீஸின் மிகப் பழைய கோப்புகளைத் திறக்கும் பகுதி நீக்கப்பட்டது. ஆனால் பின்னர்த் தன்னார்வலர்கள் அதற்கெனத் தனி நிரல் எழுதி அவ்வசதியை மீண்டும் சேர்த்துவிட்டனர். நிரல் திறந்திருந்ததால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் இது கைகூடிற்று.

திறக்கும் முறை

முதலாவது, மூலத்தைத் தொடாதீர்கள். மூன்றரை அங்குலப் பிளாப்பியின் மூலையில் ஒரு சிறு தள்ளுக்கட்டை உண்டு. அதைத் தள்ளித் துளை தெரியும்படி வைத்தால் தட்டில் எதையும் எழுத முடியாது. யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் பிளாப்பிக் கருவி கொண்டு, உள்ள கோப்புகள் யாவற்றையும் கணிப்பொறிக்குப் படியெடுங்கள். தட்டின்மீது வெண்மையான பூஞ்சை தெரிந்தால் அதைக் கருவிக்குள் நுழைக்காமல் விவரமறிந்தவரிடம் கொடுங்கள்.

இரண்டாவது, உறவுக் கோப்புகளைப் பிரிக்காதீர்கள். நீண்ட குறிப்புகள் 'டி.பி.டி.' அல்லது 'எஃப்.பி.டி.' என்று முடியும் தனிக் கோப்பில் இருக்கும். தாய்க் கோப்பும் அதுவும் ஒரே பெயரில் ஒரே உறையில் இருந்தால்தான் குறிப்புகள் தெரியும்.

மூன்றாவது, லிப்ரே ஆபீஸில் கால்க் என்னும் கணக்கேட்டைத் திறந்து, அதன் வழியே டி.பி.எஃப். கோப்பைத் திறங்கள். எந்த எழுத்துக் குறியீடு என்று அது கேட்கும். டாஸ் காலத்து ஆங்கிலக் கோப்பானால் டாஸுக்குரிய 437 அல்லது 850-ஐயும், விண்டோஸ் காலத்ததானால் விண்டோஸ் 1252-ஐயும் முயன்று பாருங்கள். திறந்தவுடன் முதல் வரியில் ஒவ்வொரு புலத்தின் பெயரும், அதனை அடுத்து வகையும் அகலமும் காற்புள்ளியிட்டு வரும். பெயருக்கு முப்பது இடம் என்றால் பெயர், சி, 30 என்பதுபோல் காட்டும்.

நான்காவது, ஒரே உறையில் பல கோப்புகள் இருந்தால் பேஸ் என்னும் பகுதியைப் பயன்படுத்தலாம். புதிய தரவுத்தளம் தொடங்கும்போது, ஏற்கெனவே உள்ளதோடு இணைக்கும் வழியைத் தேர்ந்து, வகை டிபேஸ் என்று சொல்லி, உறையைக் காட்டினால் போதும். உறையிலுள்ள ஒவ்வொரு டி.பி.எஃப். கோப்பும் ஓர் அட்டவணையாக வந்து நிற்கும். நட்சத்திரக் குறியிட்ட நீக்கிய பதிவுகளையும் காட்டும் வசதி இங்கு உண்டு. ஆனால் ஒருவர் பெயரை நீக்கியதற்குத் தக்க காரணம் இருந்திருக்கும். அதை உயிருள்ள பதிவோடு கலந்துவிடக் கூடாது.

மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸ் என்ற பழைய தொகுப்பின் தரவுக் கோப்புகளையும் கால்க் நேரே திறக்கும். ஆக்சஸ் கோப்புகளை விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் இணைப்பு நிரல் இருந்தால் பேஸ் வழியே படிக்கலாம், லினக்ஸில் எம்.டி.பி. டூல்ஸ் என்ற இலவசக் கருவி உதவும். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்க: இவ்வழிகளில் கிடைப்பவை அட்டவணைகளே. ஃபாக்ஸ்புரோவில் எழுதிய நிரல்கள், படிவங்கள், அச்சு அறிக்கைகள் லிப்ரே ஆபீஸில் இயங்கா.

தமிழ் எழுத்தின் சிக்கல்

ஆங்கிலக் கோப்பு இந்த அளவில் திறந்துவிடும். தமிழில் தட்டச்சிட்ட கோப்பானால் இன்னும் ஒரு கதவு உண்டு.

ஒருங்குறி, அதாவது யூனிகோடு, 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. எனினும் நம் நாட்டில் அது பரவ நெடுநாள் ஆயிற்று. அதுவரை ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்திப் பல எழுத்துருக்கள் உலவின. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சிட்ட சொல்லை அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். பார்ப்பவர் "கோப்பு கெட்டுவிட்டது" என்று எண்ணி அழித்துவிடுவார். கோப்போ கெடவில்லை, அது எந்த வழக்கில் எழுதப்பட்டது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

திஸ்கி என்ற முறை ஒருபுறம் வழங்கிற்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு முறைகளை அறிவித்தது. 2010 சூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், ஒருங்குறியையும் டேஸ் 16 என்ற முறையையும் அரசு தரமாக அறிவித்தது. எனவே 2010-க்கு முற்பட்ட தமிழ்க் கோப்பு எதுவாயினும், எந்த எழுத்துரு என்று முதலில் கேட்டறிவது நலம்.

எழுத்துக்கு எழுத்து மாற்றிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. 'கெ' என்னும் எழுத்தைப் பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைத்தன: முதலில் கொம்பு, அடுத்துக் ககரம். ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில் ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னும் வைக்கிறது. ஆதலால் மாற்றும் நிரல் கொம்பை இடம் பெயர்த்து வைக்கவும் அறிந்திருக்க வேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச நிரல்கள் இதைச் செய்கின்றன.

கொம்பு என்றதும் நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்த்தொண்டு ஆற்றிய வீரமாமுனிவர் நினைவுக்கு வருகிறார். ஓலைச்சுவடிகளில் எகரக் குறிலும் ஏகார நெடிலும் பிரித்தறிய முடியாமல் படிப்பவர் மயங்கிய காலத்தில், நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்து எழுதும் முறையைக் கொண்டுவந்தவர் என்று அவரைப் போற்றுகிறோம். எழுதியவர் கருதியதையே படிப்பவரும் பெற வேண்டும் என்பதுதான் அச்சீர்திருத்தத்தின் நோக்கம். 18-ஆம் நூற்றாண்டில் ஓலையில் எழுந்த சிக்கலும் இன்று கோப்பில் எழும் சிக்கலும் தன்மையில் ஒன்றே.

மாற்றும் வேலையில் ஓர் எச்சரிக்கை. பெயர், முகவரி, சாதி, வருமானம் அடங்கிய பட்டியலை இணையத்தில் கண்ட மாற்றிகளில் ஒட்டாதீர்கள். அவை பிறர் கணிப்பொறிக்குச் சென்றுவிடும். பிறர் விவரங்களைக் காப்பது நம் கடமை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதையே வலியுறுத்துகிறது. இணைய இணைப்பு இல்லாமலே இயங்கும் நிரலைப் பயன்படுத்துவதே முறை.

பொருள் சொல்ல வல்லவர் யார்?

கோப்பும் திறந்தது, எழுத்தும் தெளிந்தது என்று கொள்வோம். 'வகை' என்ற புலத்தில் 1, 2, 3 என்று மட்டும் இருக்கிறது. 1 என்றால் விடுதி மாணவியா? உதவித்தொகை பெறுபவரா? இதற்கு விடை எந்த மென்பொருளிலும் இல்லை. அன்று தட்டச்சிட்ட எழுத்தர் ஒருவர் மனத்தில்தான் இருக்கிறது.

மாவட்டப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் செந்துறைப் பகுதி 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 சனவரியில் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்கும் தங்கைக்கும் பட்டியலில் வெவ்வேறு மாவட்டம் இருக்கலாம். இவ்வரலாறு அறியாதவர் அதைப் பிழையென்று கருதித் திருத்திவிட்டால், சரியாக இருந்ததும் தவறாகிவிடும்.

ஆகவே ஒரு பழைய கோப்பைத் திறப்பதற்கு அமைப்பு, எழுத்து, பொருள் என்னும் மூன்று சாவிகள் வேண்டும். முதல் இரண்டையும் தன்னார்வ நிரலாளர்கள் நமக்கு இலவசமாகத் தந்துவிட்டனர். மூன்றாவது நம் ஊரில், ஓய்வுபெற்ற ஓர் எழுத்தரிடமோ ஆசிரியையிடமோ இருக்கிறது. நிரல் இன்னும் பத்தாண்டு கழித்தும் கிடைக்கும். முதியவர் நினைவு அவ்வாறு காத்திருக்குமா? எனவே கோப்பைத் திறக்கும் முன்பே அவர்களைச் சென்று கண்டு, "இந்த எண் எதைக் குறிக்கும்? இந்தச் சுருக்கம் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொள்வதே முதற்பணி என்று நாங்கள் கருதுகிறோம்.

மீட்டதைக் காக்கும் முறை

திறந்த பட்டியலை அப்படியே விட்டால் நம் பின்னோருக்கும் இதே தொல்லை. கால்க்கில் திறந்ததை ஓ.டி.எஸ். என்ற திறந்த வடிவில் சேமியுங்கள். இவ்வடிவம் சார்ந்த ஓ.டி.எஃப். தரம் 2006-இல் உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் ஏற்பைப் பெற்றது. கூடவே சி.எஸ்.வி. என்ற எளிய எழுத்துக் கோப்பாகவும், யு.டி.எஃப். 8 குறியீட்டில், ஒரு படி வையுங்கள். அது எந்தக் கருவியிலும் திறக்கும். ஆனால் சி.எஸ்.வி.யை மீண்டும் கால்க்கில் திறக்கும்போது சேர்க்கை எண் புலத்தை எழுத்து வகை என்று குறிக்க வேண்டும். இல்லையேல் 00457 என்பது 457 ஆகிவிடும்.

பேஸ் வழியே இணைத்தவர்கள் இதைக் கவனிக்க: அங்கு உண்டாகும் ஓ.டி.பி. கோப்பினுள் பட்டியல் இருப்பதில்லை. பழைய உறை எங்கிருக்கிறது என்ற முகவரி மட்டுமே அதில் இருக்கும். அதை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுப் பழைய உறையை அழித்தால் எல்லாம் போயிற்று.

முடிந்ததும் சரிபாருங்கள். முகப்பில் சொல்லிய பதிவுகளின் எண்ணிக்கையோடு, நீக்கியவற்றையும் சேர்த்து, நாம் பெற்றது ஒத்திருக்கிறதா? காகிதப் பதிவேட்டில் எஞ்சிய பக்கங்களிலிருந்து பத்துப் பெயர்களை எடுத்து ஒப்பிட்டால் பொருந்துகின்றனவா? பிறகு, ஒவ்வொரு புலத்தின் பொருளையும் எழுதிய விளக்கத் தாளை அதே உறையில் வையுங்கள். ஒரு படி பள்ளியில், ஒரு படி வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

அன்புத் தோழியரே! இவ்வேலைக்கு விலையுயர்ந்த மென்பொருளோ பெருநகரத்துப் பயிற்சியோ தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் இலவசம். தமிழ் முகப்போடும் கிடைக்கிறது. வேண்டுவது பொறுமையும், பிறர் பெயரைத் தன் பெயர்போல் மதிக்கும் மனமுமே. இவ்விடுமுறையில் நம் வீட்டிலும் தெருவிலும் அலுவலகப் பணி செய்து ஓய்வுபெற்றோர் உளரா என்று விசாரிப்போம். அவர்கள் பெட்டியில் பழைய பிளாப்பி ஏதும் உண்டா என்று கேட்போம். கிடைத்தால் உரியவர்களின் அனுமதி பெற்று, ஆசிரியையின் வழிகாட்டுதலில் படியெடுப்போம். நம் மூத்த சகோதரியர் எத்தனையோ பேரின் பெயரும் பிறந்த நாளும் அத்தட்டுகளில் காத்திருக்கக்கூடும். அவர்கள் சான்று கேட்டு வரும் நாளில், "இதோ இருக்கிறது, அக்கா" என்று எடுத்துக் கொடுக்கும் நிலையில் நாம் இருப்போமாக!